பரணில் கிடந்த ஐந்து ரோல்கள்

கேள்வி: போன ஆவணியில் அப்பா காலமானார். கும்பகோணத்து வீட்டைக் காலி செய்தபோது, ஓட்டுக்கு அடியில் இருந்த பரணில் ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே கழுவாத பிலிம் ரோல்கள் நான்கு. இரண்டு கோனிகா கலர், ஒன்று கோடாக்ரோம் 64, இன்னொன்று காகிதம் சுற்றிய ரோல். அதில் ‘ஓர்வோ என்.பி. 22’ என்று எழுதியிருக்கிறது. கூடவே, சிங்கப்பூர் மாமா 1981-ல் கொண்டுவந்து கொடுத்த யாஷிகா எலக்ட்ரோ கேமராவும் இருந்தது. அதில் எண் 31-ல் நிற்கிறது, உள்ளே பிலிம் இருக்கும் போலிருக்கிறது. அம்மா 1984-ல் இறந்துவிட்டார், எனக்கு அப்போது ஆறு வயது. அவருடைய படம் என்று எங்களிடம் இருப்பது ஒரு கல்யாண குரூப் போட்டோ மட்டும்தான். அதிலும் பாதி முகம்தான் தெரியும். “எல்லாம் எப்பவோ கெட்டுப் போயிருக்கும், தூக்கிப் போடு” என்கிறான் அண்ணன். பக்கத்துத் தெரு ஸ்டுடியோக்காரர், “கொடுங்கம்மா, பாத்துக்கலாம்” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? கலர் ரோலை முதலில் கழுவக் கொடுக்கலாமா? கேமராவில் மீதியிருக்கும் ஐந்து படத்தையும் எடுத்து முடித்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இருவர் பேச்சையும் கொஞ்ச நாளைக்குக் கேட்க வேண்டாம். நாற்பது வருடம் பரணில் காத்திருந்த பிலிம் இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் ஒரு பிலிமை ஒரே ஒரு தடவைதான் கழுவ முடியும். மருந்தில் இறக்கிவிட்டால் இறக்கியதுதான். அதனால் முதலில் உங்களிடம் இருப்பது என்ன, அது எந்தக் காலத்தது என்று பார்த்துவிடுவோம்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. அம்மா போனது 1984. கோனிகா என்ற பெயரில் ரோல் நம் ஊர்க் கடைகளில் பரவலாகத் தொங்கியது எண்பதுகளின் பிற்பாதியில்தான். அதற்கு முன் அதே கம்பெனியின் கலர் பிலிமுக்குச் சக்குரா என்று பெயர். அந்த டப்பிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கறுப்பும் வெள்ளியுமாகச் சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டங்கள் இருந்தால், அது ரோலின் வேகத்தை, அதாவது படம் பதிய எவ்வளவு ஒளி வேண்டும் என்பதை, கேமராவே படித்துக்கொள்வதற்கான குறியீடு. கோடாக் அதைக் கொண்டுவந்ததே 1983-ல். அதனால் கோனிகா இரண்டிலும் அம்மா இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் பள்ளி ஆண்டு விழா, அண்ணனின் முதல் சைக்கிள் என்று ஏதாவது இருக்கலாம். அம்மாவைத் தேட வேண்டிய இடம் ஓர்வோவும் கோடாக்ரோமும்தான். கேமராவுக்குள் இருப்பது என்னவென்று வெளியே எடுத்தால்தான் தெரியும்.

நல்ல சேதியிலிருந்து தொடங்குகிறேன். ஓர்வோ என்.பி. 22 கறுப்பு வெள்ளை. அன்றைய கிழக்கு ஜெர்மனியில், வுல்ஃபன் என்ற ஊரில் செய்தது. எழுபதுகளில் இங்கே கோடாக் கிடைப்பது குதிரைக் கொம்பு. எங்கள் ஸ்டுடியோ அலமாரியில் இருந்ததெல்லாம் ஒன்று ஓர்வோ, இல்லையென்றால் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்த இந்து. உங்களிடம் இருப்பது காகிதம் சுற்றிய அகல ரோல், யாஷிகாவுக்குள் போகாது. அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒன்றாவது இருந்த அக்பா க்ளிக் மாதிரிப் பெட்டிக் கேமராவில் எடுத்ததாக இருக்கும். அப்பா யாரிடமாவது இரவல் வாங்கியிருப்பார். அந்தக் கேமராவில் ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். காகிதத்தின் நுனியை ஒரு பசைத்துண்டு ஒட்டிப் பிடித்திருக்கிறதா, அதில் எடுத்து முடித்த ரோல் என்ற பொருளில் ஏதாவது அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிரிக்க வேண்டாம். தளர்ந்திருந்தால் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்.

கறுப்பு வெள்ளை ஏன் நல்ல சேதி என்று கேட்பீர்கள். பிலிமில் ஒளி பட்ட இடத்தில், வெள்ளி உப்பின் ஒவ்வொரு துகளிலும் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் வெள்ளி அணுக்கள் உண்டாகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுவடுதான் படம். மருந்து அந்தச் சுவடு உள்ள துகளை மட்டும் தேடிப் பிடித்து முழு வெள்ளியாக்கிக் கறுக்க வைக்கிறது. வெயில் காலத்துப் பரண் இரண்டு வேலை செய்யும். சில சுவடுகளை அழிக்கும். ஒளியே படாத துகள்களிலும் பொய்ச் சுவடு வைக்கும். வாசலில் போட்ட கோலத்தின் மேல் யாரோ மாவைக் கொட்டிவிட்டுப் போனது மாதிரி. கோலம் அடியில் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் சுற்றியுள்ள தரையும் வெளுத்துவிட்டதால் கண்ணுக்குப் பிடிபடவில்லை. இதை நாங்கள் ஃபாக் என்போம். கறுப்பு வெள்ளையில் இந்தக் கோளாறு ஒரே அடுக்கில் நடக்கிறது, சமாளிக்கலாம். கலரில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளுக்கென்று தனித்தனி அடுக்குகள். மூன்றும் மூன்று வேகத்தில் கெடும். முகம் ஊதாவாகவும் புடவை சேற்று நிறமாகவும் வந்து நிற்கும்.

எல்லாவற்றுக்கும் சூடுதான் காரணம். 1897-ல் மூன்று ஸ்வீடன்காரர்கள் ஆந்த்ரே என்பவர் தலைமையில் பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பி, திரும்பி வரவே இல்லை. 1930-ல் ஒரு பனித்தீவில் அவர்களுடைய உடல்களும் பிலிம்களும் கிடைத்தன. 33 வருடம் கழித்துக் கழுவியதில், சுமார் 240 படங்களில் 93 தேறின. அவர்களுக்குப் பனிக்கட்டி காவல் இருந்தது. உங்களுக்குக் கும்பகோணத்துச் சித்திரை வெயில். ஆனாலும் ஓட்டுக்கு அடியில் கிடந்த ஓர்வோ ரோல்களிலிருந்து நான் முகங்களை எடுத்திருக்கிறேன், அதனால்தான் அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்து கோடாக்ரோம். இதில் கொஞ்சம் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், கலர் வராது. மற்ற கலர் பிலிம்களில் சாயத்துக்கான சரக்கு பிலிமுக்குள்ளேயே இருக்கும். கோடாக்ரோமில் அது பிலிமில் கிடையாது, கழுவும் மருந்தில்தான் இருந்தது. அந்த மருந்து முறைக்குக் கே-14 என்று பெயர். உலகத்திலேயே கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த லேப், அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்ற சின்ன ஊரில் இருந்தது. 2010 டிசம்பர் 30-தான் ரோல் ஏற்றுக்கொண்ட கடைசி நாள். அதோடு சரி. யாராவது “கோடாக்ரோமைக் கலரிலேயே கழுவித் தருகிறேன்” என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கறுப்பு வெள்ளையில் கழுவினால் மட்டும் உருவம் வரும். அதற்கும் கைப்பக்குவம் வேண்டும். இந்தப் பிலிமின் முதுகில் கரிப்பூச்சு ஒன்று இருக்கிறது. அதைத் தனியாக ஊறவைத்துத் துடைத்து எடுக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். தெரியாமல் மெஷினில் விட்டால் அந்தக் கரி உங்கள் ரோலோடு அடுத்தவர் ரோலையும் சேர்த்துக் கெடுக்கும்.

மெஷின் என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. 1993. நான் வேலை பார்த்த லேபில் ஒரு மணி நேரத்தில் பிரிண்ட் தரும் மினிலேப் வந்திறங்கிய புதிது, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெரியவர் பழைய கோடாகலர்-எக்ஸ் ரோல் ஒன்றைக் கொண்டுவந்தார். பட்டாளத்தில் இருந்து இறந்துபோன தம்பி எடுத்தது என்றார். டப்பியில் கழுவும் முறை சி-22 என்று தெளிவாக எழுதியிருந்தது. அது 24 டிகிரியில் கழுவுவதற்காகச் செய்த பிலிம். மெஷினில் ஓடுவது சி-41, அதன் சூடு 38 டிகிரி. கலர்தானே, எல்லாம் ஒன்றுதான் என்று விட்டேன். மறுமுனையில் வெறும் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு பட்டை வந்தது. படம் இருந்த பூச்சு பால் ஏடு போல உரிந்து தொட்டிக்குள் மிதந்தது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை, பில்லுக்குக் காசை எடுத்து வைத்தார். நான் வாங்கவில்லை. அன்றிலிருந்து பழைய ரோல் எதையும் டப்பியைப் படிக்காமல் தொடுவதில்லை.

உங்கள் ஸ்டுடியோக்காரர் நல்லவராகவே இருப்பார். ஆனால் “பாத்துக்கலாம்” என்றால், பெரும்பாலும் ரோலை வாங்கி வெளியூர் லேப் ஒன்றுக்கு அனுப்புவார் என்று பொருள். அங்கே யார், எந்த மருந்தில் போடுவார்கள் என்பது அவருக்கும் தெரியாது. அவரிடம் கேளுங்கள்: கையால் டேங்கில் கழுவுவார்களா, மெஷினா? முழு ரோலையும் போடுவதற்கு முன் நுனியில் கொஞ்சம் வெட்டிச் சோதனை பார்ப்பார்களா? நெகட்டிவ்வைத் திருப்பித் தருவார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இப்போதெல்லாம் ஸ்கேனை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நெகட்டிவ்வை யாரும் வந்து கேட்பதில்லை என்று குப்பையில் போடும் இடங்களும் இருக்கின்றன. மூன்றுக்கும் சரியான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். சென்னை, பெங்களூரு, மும்பையில் பிலிமில் படமெடுக்கும் இளைஞர்கள் மறுபடி பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்காகக் கையால் கழுவித் தருபவர்களும் இருக்கிறார்கள். வழக்கமான ரோல் என்றால் கழுவி ஸ்கேன் செய்யச் சில நூறு ரூபாய் ஆகும். பழைய ரோலுக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள், அது நியாயம்தான். பேரம் பேச வேண்டாம், அந்தக் காசு அவர்கள் செலவிடும் பொறுமைக்கு. கோடாக்ரோமுக்கு இங்கே யாரும் கிடைக்கவில்லையென்றால், கனடாவில் ஃபிலிம் ரெஸ்க்யூ இன்டர்நேஷனல் என்று ஒரு நிறுவனம் பழைய ரோல்களை மீட்பதையே தொழிலாக வைத்திருக்கிறது. ஆனால் கடல் தாண்டும் பார்சல் வழியில் எத்தனை ஸ்கேனரில் நுழையும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதை முதலில் கொடுப்பது? நீங்கள் கேட்டபடி கலரைத்தான். ஆனால் நீங்கள் நினைத்த காரணத்துக்காக இல்லை. கோனிகா இரண்டும் ஒரே வகை, ஒரே பெட்டியில் கிடந்தவை. ஒன்றை ஒற்றனாக அனுப்புங்கள். டப்பியில் சிஎன்கே-4 என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அது சி-41-க்குக் கோனிகா வைத்த பெயர். ஃபியூஜி சிஎன்-16 என்று போடும், அக்பா ஏபி-70 என்று போட்டது, எல்லாம் ஒரே முறைதான். நுனியில் வெட்டிய துண்டைக் கலரில் கழுவி, உருவம் தேறினால் மீதியையும் கலரில் போடச் சொல்லுங்கள். சேறாக வந்தால் கறுப்பு வெள்ளை மருந்துக்கு மாற்றச் சொல்லுங்கள். கலர் பிலிமையும் அப்படிக் கழுவலாம், முகம் நின்றுவிடும். உங்கள் பரண் பிலிமை எவ்வளவு தூரம் பதம் பார்த்திருக்கிறது என்பதை இந்த ஒரு ரோல் சொல்லிவிடும். அதைத் தெரிந்துகொண்டு, அதே ஆளிடம் ஓர்வோவைக் கொடுங்கள். கோடாக்ரோம் கடைசி. வெட்டுவதில் ஒரு படம் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மீதிப் படங்களைக் காப்பாற்ற அந்த ஒன்றைக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஓர்வோவை நானாக இருந்தால் எப்படிக் கழுவுவேன் என்று சொல்கிறேன், யாரிடம் கொடுத்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். மே மாதம் சென்னைக் குழாயில் வருவது கிட்டத்தட்ட வெந்நீர். பழைய பூச்சு அதில் கொழகொழத்துவிடும். ஓர் அண்டாவில் ஐஸ் கட்டி போட்டு, மருந்துப் பாட்டில்களை அதில் நிறுத்தி, 20 டிகிரிக்கு இறக்கிவைப்பேன். டேங்கில் முதலில் வெறும் தண்ணீர். ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கொட்டினால் மை கரைத்த மாதிரி ஒரு நீர் வரும். பிலிமே கரைந்துவிட்டது என்று எத்தனையோ பேர் அலறியிருக்கிறார்கள், அது பின்பக்கத்துச் சாயம், போக வேண்டியதுதான். அப்புறம் படத்தைக் கறுக்க வைக்கும் மருந்து, ஹெச்சி-110 டெவலப்பர், பழைய பிலிமில் ஃபாக்கைக் குறைவாக எழுப்பும். தேவைப்பட்டால் அதில் கொஞ்சம் பென்சோட்ரையசோல் சேர்ப்பேன், பொய்ச் சுவடுள்ள துகள்களை அது அடக்கிவைக்கும். படம் மங்கலாக வருமே என்று நேரத்தை இழுத்துக்கொண்டே போகக் கூடாது. கோலமும் ஏறும், சிந்திய மாவும் சேர்ந்து ஏறும். கடைசியாகப் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ மருந்தில் போட்டு, நன்றாக அலசி, மூடியைத் திறப்பேன்.

அந்த நிமிடம் நாற்பத்தைந்து வருடத்தில் எனக்குப் பழகவே இல்லை. பிலிம் சுருண்டு சுருண்டு கையில் நிற்காது. அகல ரோலில் காகிதத்தின் எண்களே சில நேரம் படத்தின் மேல் நிழலாகப் பதிந்திருக்கும். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் முதலில் புகைமூட்டம்தான் தெரியும். கண் பழகியதும் ஒரு கூந்தல் பிடிபடும், ஆனால் வெள்ளையாக. அதில் வைத்த மல்லிகைச் சரம் கரிக்கட்டையாக இருக்கும். பொட்டு வெண்புள்ளி. நெகட்டிவ்வில் எல்லாம் தலைகீழ். உங்களுக்கு அவர்கள் ஸ்கேனைப் பாஸிட்டிவாகவே அனுப்புவார்கள். ஆனாலும் நெகட்டிவ் கைக்கு வந்ததும் ஜன்னலில் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள்.

ஸ்கேனை டிஃப் (TIFF) வடிவத்தில், பெரிய அளவில் கேளுங்கள். திருத்தம் எதுவும் செய்யாமல் முதலில் அப்படியே வேண்டும் என்று சொல்லுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மங்கலான முகத்தைப் போனில் இருக்கும் ஏதாவது ஏஐ ஆப்பில் போட்டுத் தெளிவாக்கச் சொல்லி உங்கள் பிள்ளைகளே கேட்பார்கள். அது தெளிவாக்காது, தனக்குத் தெரிந்த ஆயிரம் முகங்களிலிருந்து ஒரு கண்ணையும் மூக்கையும் எடுத்து ஒட்டும். வருவது பளிச்சென்று இருக்கும், ஆனால் அது உங்கள் அம்மாவாக இருக்காது. ஆறு வயதில் பார்த்த முகம் உங்களுக்கு. இந்தப் பொய் முகம் நினைவில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் பிரித்தெடுப்பது கஷ்டம். கான்ட்ராஸ்ட் கூட்டலாம், கீறலை அழிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கொண்டுபோவதைப் பற்றி ஒரு வார்த்தை. முடிந்தால் யாராவது கையில் எடுத்துப் போங்கள். விமானம் என்றால் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, அங்கேயுள்ள ஸ்கேனர் வலுவானது. ரயில் நிலைய வாசலிலும் மெட்ரோவிலும் பையை எக்ஸ்ரேயில் விடச் சொல்வார்கள். டப்பியைத் தனியாக எடுத்து, கழுவாத பிலிம், கையால் பாருங்கள் என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் சண்டை போட வேண்டாம். 64, 100 வேக பிலிமுக்கு அந்தச் சின்ன மெஷினில் ஒரு தடவை போவதால் பெரிதாக எதுவும் ஆகிவிடாது. அதுவரை காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்தால் சூடு சமமாகும்வரை சில மணி நேரம் டப்பாவைத் திறக்காதீர்கள், வியர்த்துவிடும்.

ஏன் அப்பா கழுவாமலே வைத்திருந்தார் என்று கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். பெரும்பாலும் காசுதான். ரோல் முடியட்டும் என்று தீபாவளிக்கு நாலு, பொங்கலுக்கு மூன்று என்று எடுப்போம். முடிந்தபோது கையில் பணம் இருக்காது. அம்மா போன பிறகு அதைத் தொட மனம் வராமலும் இருந்திருக்கலாம். கேரி வினோகிராண்ட் என்ற பெரிய அமெரிக்கப் புகைப்படக்காரர் 1984-ல் இறந்தபோது, கழுவாமல் விட்டுப் போன ரோல்கள் மட்டும் சுமார் 2,500. உங்கள் அப்பா ஐந்தோடு நிறுத்தியிருக்கிறார்.

கடைசியாக அந்த யாஷிகா. மீதி ஐந்து படத்தை எடுக்க வேண்டாம். காய்ந்துபோன பிலிம் மொடமொடவென்று இருக்கும், முன்னால் இழுத்தால் ஓரத்துத் துளைகள் கிழியும். பின்மூடியையும் திறக்காதீர்கள். மேலே இடது பக்கம் மடிந்திருக்கும் கைப்பிடியை நிமிர்த்தி, அம்புக்குறிப் பக்கம் மெதுவாக அரைச் சுற்று சுற்றிப் பாருங்கள். தொளதொளவென்று சுற்றிக்கொண்டே போனால் உள்ளே பிலிம் இல்லை, அல்லது அறுந்திருக்கிறது. பிடித்து நிறுத்தினால் இருக்கிறது, அங்கேயே விட்டுவிடுங்கள். கேமராவை அப்படியே கழுவுபவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, இருட்டறையில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். நீங்களே சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அடியில் உள்ள சின்னப் பொத்தானை அமுக்கிவிட்டு, ஒரு சுற்றுக்கு நாலைந்து நொடி என்ற வேகத்தில் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் காய்ந்த பிலிம் உரசி உள்ளேயே மின்பொறி பறக்கும், அது படத்தில் வேர் மாதிரிப் பதியும். கைப்பிடி திடீரென்று லேசாகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். டப்பி வெளியே வந்ததும் அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அது கோடாக்ரோம் என்றால் 1981-க்குப் பக்கத்தில் எடுத்ததாக இருக்கலாம். அப்படியானால் ஓர்வோவுக்கு முன்னால் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.